கொடுத்த சபையும் பெற்ற சபையும்
செங்கல்பட்டுச் சேரிகளும் ஸ்காட்லாந்துக் காணிக்கையும்

(தென்னேரியில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளம் இந்தப் பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அவர் நினைவாகப் பேச அழைத்தபோது, இந்த ஜில்லாவின் சேரிகளைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தேன். நம் சேரிகள் பலவற்றில் ஒரு சிறிய கோயிலும் ஒரு பழைய பள்ளிக்கூடமும் இருக்கின்றன. அவற்றுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வயதானவர்கள் "சீமையிலிருந்து" என்பார்கள். யார் அனுப்பினார்கள், எதற்காக அனுப்பினார்கள், வந்த காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இப்போது இதற்கு "இணைச்சபை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள ஒரு சபை, ஏழை நாட்டில் உள்ள ஒரு சபையைச் சகோதர சபையாக ஏற்றுக்கொள்கிறது. கிணறு வெட்டப் பணம் வருகிறது, பிள்ளைகளுக்குப் புத்தகம் வருகிறது, கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வருகிறது. பெயர் புதிது, வழக்கம் பழையது. நம் ஜில்லாவில் அதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1. கொடுத்தவர்கள் யார்?

1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். பிற்காலத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். அடுத்த ஆண்டே அங்கே ஒரு தகராறு வந்தது. பறையர் வீட்டுச் சிறுவர்கள் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்துவிட்டது. அவர்களை அனுப்பிவிடு என்று மேல்சாதிப் பெற்றோர் சொன்னார்கள். ஆண்டர்சன் மறுத்தார். மாணவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள், பள்ளி கிட்டத்தட்ட காலியானது. அவர் பணியவில்லை. காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் அதே மிஷன் கிளைப் பள்ளிகளைத் திறந்தது. காஞ்சிபுரம் ஆண்டர்சன் பள்ளி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இந்தப் பள்ளிகளை நடத்திய சபை 1843 மே 18 அன்று எடின்பரோவில் இரண்டாக உடைந்தது. ஊர்ச் சபைக்குப் போதகரை நியமிக்கும் உரிமை அந்த ஊர் நிலக்கிழாருக்கா, சபை மக்களுக்கா என்பதுதான் சண்டை. நிலக்கிழாருக்கு அந்த உரிமை கூடாது என்று சொன்ன போதகர்கள் 450 பேருக்கு மேல் வெளியேறி, சுயாதீனத் திருச்சபையை அமைத்தார்கள். சம்பளம், வீடு, கோயில் கட்டடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். இந்தியாவில் இருந்த அந்த மிஷனரிகள் எல்லோரும், ஆண்டர்சன் உட்பட, பிரிந்து வந்தவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

வெளியேறியவர்களுக்குக் கோயில் கட்ட இடம் வேண்டுமே? பல ஊர்களில் நிலக்கிழார்கள் ஒரு அடி மண்கூடக் கொடுக்க மறுத்தார்கள். மேற்கு மலைப்பகுதியில் ஸ்ட்ரான்ஷியன் என்ற ஊர். அந்த ஊர் நிலம் முழுவதும் ஒரே பிரபுவின் கையில் இருந்தது. சபையார் பனியிலும் மழையிலும் வெட்டவெளியில் கூடினார்கள். கடைசியில் 1846இல் இரும்பில் ஒரு மிதக்கும் கோயிலைச் செய்யவைத்து, கடல் கழியில் நங்கூரம் போட்டு நிறுத்தி, படகில் போய் ஆராதனை செய்தார்கள். தரை பிரபுவுக்குச் சொந்தம், தண்ணீர் அவருக்குச் சொந்தமில்லை என்பதுதான் கணக்கு.

நத்தத்தில் ஒரு குடிசை போட மிராசுதார் தயவை எதிர்பார்த்து நின்ற நம் முன்னோருக்கு இந்தக் கதை புரிந்திருக்கும். ஒரு வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. ஸ்ட்ரான்ஷியன்காரர்களுக்குக் கோயிலுக்கு இடம் இல்லை. நம்மவர்களுக்குக் குடியிருக்கும் வீட்டு மனையே சொந்தம் இல்லை. அவர்களை யாரும் தீட்டு என்று தள்ளி வைக்கவும் இல்லை.

2. வாரம் ஒரு பென்னி

அரசாங்கச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த போதகர்களுக்குச் சோறு போடுவது எப்படி? தாமஸ் சால்மர்ஸ் என்பவர் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு சபையும் வீட்டுக்கு வீடு வசூலித்துப் பொது நிதிக்கு அனுப்ப வேண்டும். கூலிக்காரர் வாரம் ஒரு பென்னி கொடுத்தால் போதும். சேர்ந்த மொத்தத் தொகையை எல்லாப் போதகர்களுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். நகரத்துப் பணக்காரச் சபையின் காசு மலைநாட்டு ஏழைச் சபையைத் தாங்கியது. பெற்ற சபை யாரிடமும் போய்க் கைகட்டி நிற்கவில்லை. பொது நிதியில் தன் பங்கை வாங்கிக்கொண்டது. சபைக்குச் சபை உதவுவதில் இவ்வளவு மரியாதையான ஏற்பாட்டை நான் அதிகம் கண்டதில்லை.

செங்கல்பட்டுக்கு வந்த காசும் அதே வீடுகளில், அதே மாதிரி சிறு சிறு தொகையாகச் சேர்த்ததுதான். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் போட்டது, பெண்கள் சங்கங்கள் வீடு வீடாகச் சேர்த்தது எல்லாம் அதில் உண்டு. பெண்கள் சேர்த்த பணத்தின் பெரிய அடையாளம் ராயபுரம் ரெய்னி மருத்துவமனை. டாக்டர் மட்டில்டா மெக்பெயில் 1888இல் சிறு மருந்தகமாகத் தொடங்கியது அது.

ஆனால் கடல் தாண்டியதும் அந்தச் சமபங்கு முறை நின்றுபோனது. ஸ்காட்லாந்துக்குள் ஏழைச் சபைக்குப் பங்கு கிடைத்தது, இந்தியச் சேரிச் சபைக்குத் தர்மம் கிடைத்தது. எவ்வளவு, எதற்கு என்பதை மிஷன் முடிவு செய்தது. இங்கே ஊர் ஊராக நடந்து வேலை செய்த உபதேசியார் வாங்கிய சம்பளம் மிஷனரி சம்பளத்தின் அருகில்கூட வராது.

காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அந்தச் சபையிடமே ஒருவர் கேட்டார். 1844இல் சுயாதீனத் திருச்சபை அமெரிக்காவில் நிதி திரட்டியபோது, தென் மாநிலங்களில் அடிமைகளை வைத்திருந்தவர்களிடமும் வாங்கியது. ஏறத்தாழ 3,000 பவுன். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1846இல் ஸ்காட்லாந்து ஊர்களில் கூட்டம் போட்டு, அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பு என்று முழங்கினார். சுவர்களில் எல்லாம் அந்த முழக்கத்தை எழுதினார்கள். சபை திருப்பித் தரவில்லை. உதவியின் கணக்கைக் கேட்கும் உரிமை ஒடுக்கப்பட்டவனுக்கு உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த பழைய உதாரணங்களில் இது ஒன்று.

3. பெற்றவர்கள் என்ன கேட்டார்கள்?

1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு நம் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சபைகளில் சேர்ந்தார்கள். உடனே கஞ்சிக்கு மதம் மாறினவர்கள் என்று பேச்சு வந்தது. மேல்சாதிக்காரர்கள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை, மிஷனரிகளிலும் பலர் அதே சந்தேகத்தோடு நம்மவர்களைப் பார்த்தார்கள். ஆத்துமாவுக்காக வந்தாயா, வயிற்றுக்காக வந்தாயா என்று கேட்டார்கள்.

ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட 'தி பறையா பிராப்ளம்' என்ற ஆய்வு நூல் இந்தக் காலத்து மிஷன் ஆவணங்களையும் அரசு ஆவணங்களையும் சேர்த்துவைத்துப் பார்க்கிறது. சேரியார் மிஷனரியிடம் வந்து கேட்டவை எல்லாம் தெளிவான விஷயங்கள்: குடியிருக்கும் மனையிலிருந்து மிராசுதார் விரட்டாமல் இருக்க வழி, தரிசு நிலத்துக்கு மனு எழுதித் தர ஆள், பொய் வழக்கில் துணை, பிள்ளைக்குப் படிப்பு. பிச்சை கேட்டு வந்தவர்களின் பட்டியல் இது இல்லை. தங்களைக் கட்டிப்போட்டிருக்கும் கயிறு எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் கேட்ட பட்டியல்.

அந்த முடிச்சு எப்படிப்பட்டது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஜில்லாவில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பறையர். உழைப்பு அவர்களுடையது, மண் மிராசுதாருடையது. மிராசு பாத்தியதை என்பது வயலோடு நிற்காது. தரிசு, புறம்போக்கு, சேரி இருக்கும் நத்தம் வரைக்கும் அதன் கை நீளும். தரிசு நிலம் கேட்டு ஒரு பறையர் தர்க்காஸ்து போட்டால், ஊர் மிராசுதாருக்கே முதல் உரிமை. இத்தனை வருஷம் திரும்பிப் பார்க்காத தரிசு, அன்றைக்கு மட்டும் அவருக்கு வேண்டியதாகிவிடும். மனுவை எடுத்துப்போகும் கணக்குப்பிள்ளையும் முன்சீப்பும் அவருடைய ஆட்கள். மனு போட்டவர் பெரும்பாலும் அவரிடமே கடன் வாங்கிய படியாள். கேட்ட குற்றத்துக்குக் குடிசை போகும்.

4. 1892

செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ என்ற சுயாதீனத் திருச்சபை மிஷனரியும், திருவள்ளூர்ப் பக்கம் இருந்த வில்லியம் கௌடி என்ற வெஸ்லியன் மிஷனரியும் சேரியார் சொன்னதைக் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதத் தொடங்கினார்கள். மிஷனரிகளின் மாநாடும் மனுக் கொடுத்தது. அப்போது செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரெமென்ஹீர் 1891இல் தன் அறிக்கையைத் தயாரித்தார். பறையர் நிலை, படியாள் முறை, மனைப் பிரச்சினை, தர்க்காஸ்து விதிகளின் அநீதி எல்லாம் அதில் இருந்தன. வருவாய் வாரியம் அவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010 எண் அரசாணை வந்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வதன் தொடக்கம் அந்த ஆணை. இந்த நிலங்களை முதல் பத்து ஆண்டு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தவிர வேறு யாருக்கும் கைமாற்றக்கூடாது என்பது நிபந்தனை.

பஞ்சமி நிலத்தை வெள்ளைக்காரன் கொடுத்தான், பாதிரியார் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதே ஆண்டுகளின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1891இல் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டித் தீர்மானங்கள் போட்டார். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து கோயில் நுழைவும், இலவசக் கல்வியும், தரிசு நிலமும் கேட்டார். அதே 1891இல் தாத்தா சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார், 1893இல் 'பறையன்' பத்திரிகையைக் கொண்டுவந்தார். சேரியில் கேட்டதும் மேடையில் கேட்டதும் ஒரே கோரிக்கை. ஆண்ட்ரூவின் கையில் பேனா இருந்தது, அது எழுதிய விவரம் சேரியாரிடமிருந்து வந்தது. எந்தத் தரிசு யார் கையில் இருக்கிறது, எந்த மனு எங்கே கிழிபட்டது என்பதெல்லாம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? சீமைக் காணிக்கை மிஷனரியை இங்கே வைத்திருந்தது. சேரியின் அறிவு அவருக்கு வேலை கொடுத்தது. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் 1891 அறிக்கைக்கு அந்தக் கனம் வந்திருக்காது.

இன்னொரு தற்செயலையும் சொல்ல வேண்டும். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்தவர் நேப்பியர் பிரபு. அவர் ஊர் திரும்பிய பிறகு, 1883இல் ஸ்காட்லாந்து மலைநாட்டுச் சிறு குடியானவர்களின் நிலப் பிரச்சினையை விசாரிக்கும் ஆணையத்துக்குத் தலைவரானார். அதன் விளைவாக 1886இல் சட்டம் வந்தது. குடியானவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது, நியாயமான குத்தகைதான் வாங்கலாம் என்றது அந்தச் சட்டம். காணிக்கை அனுப்பிய நாட்டில் குடியானவருக்கு நிலத்தில் நிலையான உரிமை வந்த ஆறாம் ஆண்டில் இங்கே 1010 வருகிறது. அங்கே வந்தது பாராளுமன்றச் சட்டம், இங்கே வந்தது கலெக்டர் ஆபீஸ் வழியாக நடக்க வேண்டிய ஆணை. நடத்த வேண்டிய கணக்குப்பிள்ளை மாறவில்லை.

5. பட்டா யார் பெயரில்?

இனி நமக்குக் கசப்பான பகுதி. 1890களில் மிஷன் குடியேற்றங்கள் உருவாயின. மறைமலை நகருக்குப் பக்கத்தில் மெல்ரோசாபுரம் இருக்கிறதே, அது அப்படி வந்த ஊர். பெயரிலேயே ஸ்காட்லாந்து மெல்ரோஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிராசுதார் பிடியிலிருந்து விலகி, கிணறும் வயலும் பள்ளியும் உள்ள ஒரு ஊர் கிடைப்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. அங்கே படித்த பிள்ளைகள் ஆசிரியர்களானார்கள், நர்ஸ்களானார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கத்திலும் இருக்கலாம்.

ஆனால் மிஷன் குடியேற்றம் என்ற ஏற்பாட்டில் நிலம் மிஷனிடம் இருந்தது. உழுதவர் மிஷனின் குடியானவர். ஒழுங்காக ஆராதனைக்கு வருவது, குடிக்காமல் இருப்பது போன்ற நிபந்தனைகளோடு சேர்ந்ததுதான் குடியிருப்பு. மிராசுதார் நிழலிலிருந்து வெளியே வந்தவர் துரையின் நிழலில் உட்கார்ந்தார். நல்ல நிழல்தான். ஆனால் தன் மரத்து நிழல் இல்லை.

சொத்து யார் பெயரில் என்ற கேள்வி கொடுத்தவர்களையும் விடவில்லை. 1900இல் சுயாதீனத் திருச்சபையின் பெரும்பான்மை வேறொரு சபையோடு இணைந்தது. இணைய மறுத்த மிகச் சிறு கூட்டம் வழக்குப் போட்டது. 1904இல் பிரிட்டிஷ் மேல்சபை நீதிமன்றம் அத்தனை சொத்தும் அந்தச் சிறு கூட்டத்துக்கே என்று தீர்ப்புச் சொன்னது. நாட்டையே உலுக்கிய தீர்ப்பு. அடுத்த ஆண்டே பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டுச் சொத்தைப் பங்கிட்டது. கொடுத்த சபைக்குச் சிக்கல் வந்தபோது ஓராண்டில் சட்டம் வந்தது. பெற்ற சபையின் ஏழைக் குடும்பம் தன் மனைக்குப் பட்டா கேட்டு நிற்கும்போது எத்தனை தலைமுறை ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். மிஷன் போய், 1947இல் தென்னிந்தியத் திருச்சபை வந்தது. சொத்து நிர்வாகம் இந்தியர் கைக்கு வந்தது. அந்த இந்தியர் குழுவில் சேரிச் சபைக்கு எத்தனை நாற்காலி என்ற கேள்வி இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதிப் பட்டியலிலிருந்து கிறிஸ்தவர்களை வெளியே நிறுத்தியது. பின்னால் சீக்கியரும் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். ஒரே சேரி, ஒரே தெரு, ஒரே ஒதுக்கல். அரசு உதவியில் மட்டும் இரண்டு கணக்கு. அரசு கைவிட்டவர் வெளிநாட்டுச் சபையைப் பார்த்தால், வெளிநாட்டுக் காசு என்று பழி.

1994 அக்டோபர் 10. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் இருவர். ஒருவர் பெயர் ஜான் தாமஸ், இன்னொருவர் பெயர் ஏழுமலை. 1892 ஆணை காகிதத்தில் கொடுத்ததை 102 ஆண்டு கழித்துக் கேட்டதற்குக் கிடைத்தது அது. குண்டு ஞானஸ்நானச் சீட்டைப் பார்க்கவில்லை.

6. பெற்றவர்களும் கொடுத்தவர்களே

நம் வரலாற்றில் கொடுக்கும் கை எப்போதும் வெள்ளையாகவே காட்டப்படுகிறது. அது பாதிக் கதை. சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொட்டும் வழக்கம் நம் அம்மாக்களுக்குத் தெரியும். 1903இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலிச் சபைகள் தங்களுக்கென்று இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கின. தமிழ்ச் சபைகளின் காணிக்கை தெலுங்கு நாட்டு தோர்ணக்கலுக்குப் போனது. அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஒரு ஏழைச் சபை இன்னொரு ஏழைச் சபையைத் தாங்கிய வரலாறு அது.

அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். உங்கள் உழைப்புக்கும் தியாகத்துக்கும் நன்றி உண்டு, ஆனால் எங்களோடு நட்பு இல்லையே என்பதுதான் அவர் பேச்சின் சாரம். காணிக்கை புறப்பட்ட அதே நகரத்தில், பெற்ற பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து அதைச் சொன்னார். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நூறு ஆண்டு கழித்தும் அந்த மாநாட்டில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது அந்தப் பேச்சைத்தான்.

தோழர்களே, உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேரியில் பள்ளிக்கூடம் இல்லாத காலத்தில் பள்ளிக்கூடம் கட்டிய காசு அது. ஸ்காட்லாந்தில் எங்கோ ஒரு நெசவாலைப் பெண் தன் கூலியில் எடுத்துக் கொடுத்த பென்னியை நாம் மதிக்க வேண்டும். உதவியை எடைபோட நம்மிடம் ஒரு படி இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. காசு தீர்ந்துபோன பிறகு யார் பெயரில் என்ன மிஞ்சுகிறது? மிராசுதாருக்கு எதிரான மனுவாக, பிள்ளையின் படிப்பாக, பட்டாவாக மிஞ்சியதெல்லாம் நமக்கு வந்து சேர்ந்தது. கொடுத்தவர் பெயரிலேயே நின்றதெல்லாம் நிர்வாகம் மாறியதும் வேறு கைக்குப் போனது. இன்று ஒரு இணைச்சபை நம் சபைக்குக் கிணறு வெட்ட முன்வந்தால், கிணறு வெட்டும் இடம் யார் பெயரில் இருக்கிறது, கணக்கைச் சபையார் எல்லோரும் பார்க்க முடியுமா, அங்கிருந்து வருகிறவர் நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாரா என்று கேட்போம். நாம் என்ன தர முடியும் என்றும் யோசிப்போம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மிஷனரிகள் எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கலெக்டர்கள் எழுதியவை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மனுப் போட்ட நம் பாட்டன் பாட்டி எழுதியவை, எழுதச் சொன்னவை, நம் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் இருக்கும். பழைய பட்டா, தர்க்காஸ்து நகல், கிஸ்தி ரசீது, ஞானஸ்நானச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் எது இருந்தாலும் கரையான் அரிக்கும் முன் எடுத்து வையுங்கள். பேரப்பிள்ளையிடம் கொடுத்துப் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, யார் பெயர் என்று அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். கொடுத்த சபையின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. பெற்ற சபையின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.